உள்ளூர் வானொலிக்குப் பணம் கொடுப்பதா வேண்டாமா: அமெரிக்காவில் நாம் செய்யும் தவறுகள்

காலையில் வேலைக்குப் போகும்போது காரில் செய்தி ஓடிக்கொண்டிருக்கும். திடீரென்று செய்தியை நிறுத்திவிட்டு, "இந்த நிலையம் உங்களைப் போன்ற நேயர்கள் தரும் பணத்தில்தான் நடக்கிறது" என்று அறிவிப்பாளர் பேசத் தொடங்குவார். லாப நோக்கமில்லாத இந்தப் பொது வானொலி நிலையங்கள் வருடத்தில் சில தடவை, நாள் கணக்கில் இப்படி நிதி திரட்டும். இந்த நாட்டுக்கு வந்த புதிதில் நான் உடனே வேறு அலைவரிசைக்கு மாறிவிடுவேன். ஆகாசவாணி கேட்டு வளர்ந்தவர்களுக்கு வானொலி என்றால் அரசாங்கம் நடத்துவது. ஒரு காலத்தில் நம் வீடுகளில் தபால் ஆபீசில் ரேடியோ லைசென்ஸ் கட்டினார்கள்; கேட்பவர் கடமை அதோடு முடிந்தது. அந்தப் பழக்கத்தோடு இங்கே வருவதால்தான், கொடுப்பதா வேண்டாமா என்று யோசிக்கும் முன்பே பலர் முடிவெடுத்துவிடுகிறோம்.

முதல் தவறு அதுதான்: "நம் வரிப்பணம் ஏற்கெனவே போகிறதே" என்று நினைப்பது. 1967-இல் வந்த பொது ஒலிபரப்புச் சட்டத்தின்படி சி.பி.பி. (பொது ஒலிபரப்புக் கழகம்) என்ற அமைப்பு உருவானது. நாடாளுமன்றம் ஒதுக்கும் பணத்தை, சமீப ஆண்டுகளில் வருடத்துக்கு ஐம்பது கோடி டாலருக்கு மேல், அது வானொலி, தொலைக்காட்சி நிலையங்களுக்குப் பிரித்துக் கொடுத்தது. 2025 ஜூலையில் அடுத்த இரண்டு ஆண்டுகளுக்கான சுமார் 110 கோடி டாலரை நாடாளுமன்றம் திரும்ப எடுத்துக்கொண்டது. ஆகஸ்டு முதல் தேதி, தன் பணிகளை முடித்துக்கொள்வதாக சி.பி.பி. அறிவித்தது. வரிப்பணம் போகிறதே என்ற கணக்கு அன்றோடு செல்லாது.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. "மத்திய அரசின் பங்கு வெறும் ஒரு சதவீதம்தானாம், அதனால் ஒன்றும் ஆகாது" என்று சொல்பவர்களை நிறையப் பார்க்கிறேன். அந்த ஒரு சதவீதம், என்.பி.ஆர். (நேஷனல் பப்ளிக் ரேடியோ) என்ற தேசிய அமைப்புக்கு நேரடியாகப் போனதன் அளவு. ஊர் ஊராக உள்ள நிலையங்களின் கணக்கு வேறு. பெருநகர நிலையங்களுக்கு அது சிறு பங்காகத்தான் இருந்தது. கிராமப்புற நிலையங்கள் சிலவற்றுக்கோ பட்ஜெட்டில் பாதிக்கு மேல் அதிலிருந்தே வந்தது.

அலாஸ்காவின் பெத்தல் ஊரைப் பாருங்கள். வெளியூரிலிருந்து அங்கே போகச் சாலை கிடையாது. விமானம், இல்லாவிட்டால் ஆறு. அங்குள்ள கே.ஒய்.யு.கே. நிலையம் ஆங்கிலத்தோடு அங்குள்ள பழங்குடியினரின் யூப்பிக் மொழியிலும் செய்தி சொல்கிறது. அதன் வருமானத்தில் பெரும்பகுதி சி.பி.பி. பணமாகத்தான் இருந்தது. அந்தப் பணத்தை நாடாளுமன்றம் ரத்து செய்த சில மாதங்களில், 2025 அக்டோபரில், ஹாலோங் புயலின் மிச்சம் அந்தப் பகுதியின் கடற்கரைக் கிராமங்களைப் புரட்டிப் போட்டது. மக்களை விமானத்தில் ஏற்றி வெளியேற்ற வேண்டியிருந்தது. அப்போது அந்தப் பகுதி மக்களுக்கு அவர்கள் மொழியில் தகவல் சொன்னது இந்தச் சிறிய நிலையம். அதற்கு முந்தைய ஆண்டு செப்டம்பரில் ஹெலீன் புயல் வட கரோலினாவின் ஆஷ்வில் பகுதியில் மின்சாரம், செல்பேசி, தண்ணீர் என்று எல்லாவற்றையும் அறுத்துப்போட்டபோதும் இதேதான் நடந்தது. ஜனங்கள் பேட்டரி ரேடியோவிலும் கார் ரேடியோவிலும் ப்ளூ ரிட்ஜ் பொது வானொலியைக் கேட்டார்கள். சென்னை வெள்ளத்தில் செல்பேசி கோபுரங்கள் செயலற்றுப் போனதைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமையை விளக்கவே வேண்டாம்.

அடுத்தது, என்.பி.ஆரையும் உள்ளூர் நிலையத்தையும் ஒன்றாக நினைப்பது. என்.பி.ஆர். 1970-இல் தொடங்கிய தேசிய அமைப்பு. அது நிகழ்ச்சி தயாரித்துக் கொடுக்கிறது. உங்கள் ஊர் நிலையம் தனி நிறுவனம். அது என்.பி.ஆருக்குக் கட்டணம் கட்டி நிகழ்ச்சிகளை வாங்குகிறது. காலைச் செய்தி என்.பி.ஆருடையதாக இருக்கலாம்; நடுவில் வரும் பள்ளி வாரியக் கூட்டமும் மாநில பட்ஜெட்டும் உங்கள் நிலையத்து நிருபர் போய் எடுத்து வந்தவை. வாஷிங்டனில் யாரோ பேசியது பிடிக்கவில்லை என்று உள்ளூர் நிலையத்துக்குக் கொடுப்பதை நிறுத்தினால், அடி விழுவது அந்த நிருபரின் சம்பளத்தில். கோபம் நியாயமாகவே இருக்கலாம், அதை அதற்குரிய இடத்தில் சொல்லுங்கள். கொடுப்பதை முடிவு செய்ய வேண்டியது, உங்கள் ஊர்ச் செய்தியை அந்த நிலையம் எப்படிச் செய்கிறது என்பதைப் பார்த்துத்தான்.

எஃப்.எம். பெட்டியில் 88 முதல் 92 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பகுதி வணிகமல்லாத நிலையங்களுக்கு ஒதுக்கப்பட்டது. அதனால் அங்கே கேட்கும் எல்லாமே பொது வானொலி என்று நினைத்துவிடக் கூடாது. மத அமைப்புகளின் நிலையங்களும் கல்லூரி மாணவர் நிலையங்களும் அதே பகுதியில் இருக்கின்றன. அவற்றுக்குக் கொடுப்பது உங்கள் விருப்பம். யாருக்குக் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுங்கள். தொலைபேசியிலோ மின்னஞ்சலிலோ யாராவது நிலையத்தின் பெயரைச் சொல்லிக் கேட்டால் அந்த இணைப்பைத் தொட வேண்டாம். நிலையத்தின் முகவரியை நீங்களே தட்டச்சு செய்து போங்கள்.

கணக்கைப் பார்க்காமல் கொடுப்பதைத்தான் நான் பெரிய தவறாகச் சொல்வேன். பார்ப்பதும் கடினமில்லை. லாப நோக்கமில்லாத நிறுவனங்கள் வருமான வரித்துறைக்கு அளிக்கும் படிவம் 990 பொது ஆவணம். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. மேலதிகாரிகளின் சம்பளம், கையிருப்பு, நிகழ்ச்சிக்கு எவ்வளவு, நிதி திரட்டுவதற்கு எவ்வளவு என்று எல்லாம் அதில் இருக்கும். பல்கலைக்கழகம் நடத்தும் நிலையமானால் தனிப் படிவம் கிடைக்காமல் போகலாம். அப்போது நிலையத்தின் தளத்தில் தணிக்கை செய்த கணக்கறிக்கை இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் கேளுங்கள். நீங்கள் கொடுக்கும் பணம் நிலையத்துக்கே ஒதுக்கப்படுகிறதா, பல்கலைக்கழகத்தின் பொது நிதியில் கலக்கிறதா என்பதையும் கேட்டுவிடுங்கள். ஒரு வாரம் உட்கார்ந்து கேட்டுப் பாருங்கள்: நாளில் எத்தனை உள்ளூர்ச் செய்தி வருகிறது, எத்தனை மணி நேரம் வெளியிலிருந்து வாங்கிய நிகழ்ச்சி ஓடுகிறது? படிவத்தைவிட இது அதிகம் சொல்லும்.

பெரிய நகரத்தில் இருப்பவர்கள் பெரிய நிலையத்தோடு நின்றுவிடுகிறோம். அந்த நிலையத்துக்கு வசதியான நேயர்கள், அறக்கட்டளைகள், நிறுவன ஆதரவு எல்லாம் உண்டு. ஆயிரம் வீடுகள்கூட இல்லாத ஊரின் நிலையத்துக்கு அது கிடையாது. நூறு டாலர் கொடுக்க நினைத்தால் அதில் கொஞ்சத்தை மாநிலத்தின் மறுகோடியில் இருக்கும் சிறிய நிலையத்துக்குக் கொடுக்கலாமே.

வரிச் சலுகை பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். செலவுகளை ஒவ்வொன்றாகக் காட்டாமல் நிலையான கழிவை (standard deduction) எடுப்பவர்களுக்கு 2022 முதல் 2025 வரை நன்கொடையால் வரி குறையவில்லை. 2026 முதல் அவர்களும் தனியாக 1,000 டாலர் வரை, தம்பதியாக 2,000 டாலர் வரை பண நன்கொடையைக் கழிக்கலாம். 250 டாலரோ அதற்கு மேலோ ஒரே தடவையில் கொடுத்தால் நிலையத்தின் எழுத்துபூர்வ ஒப்புகை கையில் இருக்க வேண்டும். கல்யாண வீட்டுத் தாம்பூலப் பை மாதிரி அவர்கள் தரும் துணிப்பை, கோப்பைக்கு ஆசைப்பட்டு அளவை முடிவு செய்யாதீர்கள். மதிப்புள்ள பொருளாக இருந்தால் அந்த மதிப்பைக் கழித்துத்தான் சலுகை. வேண்டாம் என்று சொன்னால் அந்தச் செலவு நிலையத்துக்கு மிச்சம். பழைய காரைக் கொடுப்பவர்களும் கவனியுங்கள்: 500 டாலருக்கு மேல் போனால், பொதுவாக ஏலத்தில் விற்ற தொகைதான் உங்கள் கழிவு, நீங்கள் மனதில் வைத்திருக்கும் விலை அல்ல.

கொடுப்பது என்று முடிவானால், நிதி திரட்டும் வாரத்தின் உற்சாகத்தில் ஒரு பெரிய தொகையைச் சொல்லிவிட்டு அடுத்த வருடம் மறந்துபோவதைவிட மாதம் ஐந்தோ பத்தோ நல்லது. எவ்வளவு வரும் என்று தெரிந்தால்தான் நிலையம் ஒரு நிருபரை வேலைக்கு எடுக்க முடியும். ஐ.டி. நிறுவனங்கள் பல, ஊழியர் தரும் நன்கொடைக்கு இணையாகத் தாமும் தருகின்றன. அந்த விண்ணப்பத்தை நிரப்பாமல் விடுவது நம்மவர்களிடம் அடிக்கடி நான் பார்க்கும் தவறு. ஐந்து நிமிட வேலை.

கையில் பணமில்லாத வருடம் கொடுக்காதீர்கள், கேட்பதையும் நிறுத்தாதீர்கள். 1949-இல் கலிபோர்னியாவின் பெர்க்லியில் லூயிஸ் ஹில் கே.பி.எஃப்.ஏ. நிலையத்தை நேயர் பணத்தை நம்பித் தொடங்கியபோதே, பணம் தராதவர் வீட்டிலும் அதே ஒலிபரப்புதான் கேட்டது. மாதத் தவணையை நிறுத்த வேண்டுமென்றால் நிலையத்துக்கு ஒரு மின்னஞ்சல் போதும். நிறுத்தும் எண்ணம் இல்லாவிட்டால், வங்கி புது அட்டை அனுப்பும்போது அந்த எண்ணை நிலையத்துக்கும் கொடுத்துவிடுங்கள்.