கன்டெய்னர்கள் ஓடும் சர்வர் உறைந்து நின்றால்

நிரல்களைத் தனித்தனியாகப் பிரித்து இயக்கும் லினக்ஸ் கன்டெய்னர் ஒவ்வொன்றும் தனிக் கணினி போலத் தோன்றினாலும், ஒரு சர்வரில் உள்ள அத்தனை கன்டெய்னர்களும் ஒரே கெர்னலின் (இயங்குதளத்தின் மையப் பகுதியின்) மேல்தான் இயங்குகின்றன. ஆகவே ஒன்றில் நேரும் தவறு அதன் எல்லைக்குள் அடங்காமல் சர்வர் முழுவதையும் உறைய வைக்கக்கூடும். உறைந்தவுடன் கை ரீசெட் பொத்தானைத்தான் தேடும். தயவுசெய்து ஐந்து நிமிடமாவது பொறுங்கள். ரீசெட் செய்தால் சேவை திரும்பிவிடும்; ஆனால் காரணத்தைக் காட்டக்கூடிய தடயங்கள் நினைவகத்தோடு அழிந்துபோகும்.

முதலில், சர்வர் பதிலளிக்கிறதா என்று பார்க்க வெளியிலிருந்து பிங் அனுப்புங்கள். பிங்குக்குப் பதில் வந்து தொலைவிலிருந்து உள்நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் மட்டும் திறக்கவில்லை என்றால், கெர்னல் உயிரோடுதான் இருக்கிறது; நிரல்கள் நினைவகத்துக்கோ டிஸ்க்குக்கோ காத்துக்கிடக்கின்றன என்று பெரும்பாலும் கொள்ளலாம். பதிலே வராவிட்டால், நெட்வொர்க் பழுது இல்லை என்பதை ஐபிஎம்ஐ கன்சோல் (இயங்குதளத்தைச் சாராமல் சர்வரின் திரையையும் விசைப்பலகையையும் தொலைவிலிருந்து தரும் வசதி) வழியாக உறுதிசெய்த பிறகே கெர்னலைச் சந்தேகிக்க வேண்டும்.

கன்சோல் கிடைத்ததும், கெர்னலுக்கு நேரடியாகக் கட்டளையிடும் சிஸ்ஆர்க்யூ விசைகளைப் பயன்படுத்துங்கள். அதனுடன் டபிள்யூ அழுத்தினால் முடங்கிக் கிடக்கும் நிரல்களின் பட்டியலும், எம் அழுத்தினால் நினைவகத்தின் நிலையும், எல் அழுத்தினால் ஒவ்வொரு சிபியூவும் எந்த இடத்தில் நிற்கிறது என்பதும் கிடைக்கும். எந்த விசைகள் வேலை செய்யும் என்பதைத் தீர்மானிக்கும் அமைப்புக்கு உபுண்டுவில் இயல்பு மதிப்பு 176. அது டிஸ்க்கில் எழுதி முடிக்கவும், டிஸ்க்கைப் படிப்பதற்கு மட்டும் என மாற்றவும், மறுதொடக்கம் செய்யவும் மட்டுமே விசைப்பலகைக்கு இடம் தருகிறது என்பதால், சர்வர் நலமாக இருக்கும்போதே அதை எல்லா விசைகளையும் அனுமதிக்கும் 1 என மாற்றி வைக்க வேண்டும். டிஸ்க் உறைந்திருக்கும்போது பதிவுக் கோப்பில் எதுவும் ஏறாது. எனவே கெர்னல் செய்திகளை யூடிபி என்ற எளிய நெட்வொர்க் முறை வழியாக வேறொரு கணினிக்கு அனுப்பும் நெட்கன்சோலையும் முன்கூட்டியே அமைத்துவிடுங்கள். இந்த இரண்டும் இல்லாத சர்வரில் காரணம் தேடுவது பெரும்பாலும் ஊகமாகவே முடியும்.

கிடைத்த செய்திகளில், ஒரு நிரல் 120 விநாடிகளுக்கு மேல் முடங்கியதாக எச்சரிக்கை இருந்தால், அது டி நிலையில், அதாவது குறுக்கிட முடியாத காத்திருப்பில், பெரும்பாலும் டிஸ்க் அல்லது என்எஃப்எஸ் (நெட்வொர்க் வழிக் கோப்பகம்) பதிலுக்காகக் காத்திருக்கிறது என்று பொருள். இத்தகைய நிரலை, கட்டாயமாக நிறுத்தும் கில் 9 கட்டளையாலும் பெரும்பாலும் நிறுத்த முடியாது. சிபியூ சும்மா இருக்கும்போதே லோட் ஆவரேஜ் (இயங்கும், காத்திருக்கும் நிரல்களின் சராசரி எண்ணிக்கை) நூறைத் தாண்டுவதற்கும் இத்தகைய நிரல்களே காரணம். மாறாக, சாஃப்ட் லாக்கப் எச்சரிக்கை வந்தால், ஒரு சிபியூ 20 விநாடிகளுக்கும் மேலாகக் கெர்னலுக்குள்ளேயே சுழன்றிருக்கிறது. அங்கே டிரைவரையும் (வன்பொருளை இயக்கும் நிரலையும்) கெர்னல் பதிப்பையும் ஆராய வேண்டும்.

நான் முதலில் சந்தேகிப்பது நினைவகத்தைத்தான். வரம்பில்லாத ஒரு கன்டெய்னர் நினைவகத்தை விழுங்கும்போது, கெர்னல் எந்த நிரலையும் கொல்லாமல் நினைவகப் பக்கங்களை (சிறு துண்டுகளை) விடுவிக்கவே நெடுநேரம் போராடுவதுண்டு. கெர்னல் 4.20 முதல் கிடைக்கும் பிரஷர் அளவீடுகள் (நிரல்கள் வளங்களுக்காகக் காத்திருக்கும் நேரத்தின் அளவு) இந்தத் தவிப்பை உறைவுக்கு முன்பே காட்டிக்கொடுக்கும்.

காரணம் தெரிந்தபின், நிரல்களைக் குழுவாக்கி வளங்களுக்கு வரம்பிடும் சிகுரூப் வழியாக ஒவ்வொரு கன்டெய்னருக்கும் நினைவக வரம்பும், நிரல்கள் கட்டுக்கடங்காமல் பெருகாதபடி எண்ணிக்கை வரம்பும் இடுங்கள். எஸ்எஸ்ஹெச் சேவைக்குச் சிறிதளவு நினைவகத்தை ஒதுக்கிவைப்பதும் அவசியம். அந்த ஒதுக்கீட்டை அதன் மேல்நிலைக் குழுவிலும் குறிப்பிடாவிட்டால் அது செயல்படாமல் போகலாம். பின்னர் ஒரு சோதனை சர்வரில், வரம்பிட்ட கன்டெய்னருக்குள் நினைவகத்தை வேண்டுமென்றே நிரப்பி, அப்போதும் எஸ்எஸ்ஹெச் திறக்கிறதா என்று பாருங்கள்.