பகலுக்கு மட்டும் பெட்டி கட்டாதீர்கள்

மலைச்சாலையில் ஏறிக்கொண்டிருந்த பஸ் ஒரு கணவாயின் உச்சியில் நின்றது. அடிவாரத்தில் ஏறும்போது வியர்த்துக் கொட்டியிருந்ததால் சட்டையின் முதுகுப்பக்கம் இன்னும் ஈரமாகவே இருந்தது. கீழே இறங்கி அரை நிமிடம்கூட ஆகவில்லை, காற்று அடித்து அந்த ஈரம் பனிக்கட்டியை வைத்துத் தேய்த்ததுபோல் ஆகிவிட்டது. என்னிடம் இரண்டு ஸ்வெட்டர்கள் இருந்தன. இரண்டும் பெட்டிக்குள், பெட்டி பஸ்ஸின் கூரையில், கூரையில் இழுத்துக் கட்டிய தார்ப்பாய்க்கு அடியில் இருந்தன. பஸ் மறுபடி கிளம்பும்வரை பல் கிட்டிக்க நின்றுகொண்டிருந்தேன்.

கோடை விடுமுறையில் சமவெளி, மலை, கடற்கரை என்று ஒரே பயணத்தில் பல ஊர்களைத் தொட்டு வருபவர்கள் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை ‘கோடை’ என்ற அந்த ஒரு சொல்லை நம்புவதிலிருந்து பிறக்கின்றன. கோடை என்பது நாள்காட்டியில் இருப்பது. நம் உடம்பு உணர்வது நாம் நிற்கும் உயரத்தையும், காற்றையும், ஈரத்தையும், அந்த நேரத்தையும்தான்.

பெரிய எண்ணைப் பார்த்துப் பெட்டி கட்டுவது

வானிலைச் செயலியைத் திறந்தால் பகல் வெப்பநிலை பெரிய எழுத்தில் தெரியும். இரவின் குறைந்தபட்ச வெப்பநிலை ஓரமாகச் சிறிய எழுத்தில் இருக்கும். பெட்டியில் என்ன போக வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது அந்தச் சிறிய எண்தான்.

செயலி காட்டாத இடங்களுக்கு நீங்களே ஒரு கணக்குப் போடலாம். தரையிலிருந்து மேலே போகப் போக, 1,000 மீட்டருக்குச் சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். 500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊரில் நண்பகல் 34 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து 4,500 மீட்டர் கணவாய்க்குப் போனால் 26 டிகிரி குறைந்து, அதே நண்பகலில் ஏறத்தாழ 8 டிகிரிதான் இருக்கும். காற்று வீசினால் அதுவும் இன்னும் குறைவாகத் தோன்றும். இரவில் தண்ணீர் உறைந்தாலும் வியப்பில்லை.

பாலைவனம் வேறு விதமாக ஏமாற்றும். அங்கே காற்றில் ஈரம் மிகக் குறைவு, வானமும் மேகமற்றது. பகலில் வாங்கிய வெப்பத்தைத் தடுத்து நிறுத்த எதுவும் இல்லாததால், சூரியன் மறைந்ததும் தரை வேகமாகக் குளிர்ந்துவிடும். பகலுக்கும் விடியற்காலைக்கும் 20 டிகிரி வித்தியாசம் அங்கே அபூர்வமில்லை. குளிர்ந்த கடல் நீரோட்டம் ஓடும் கடற்கரைகளும் ஏமாற்றும். சான் பிரான்சிஸ்கோவில் ஜூலை மாதத்திலும் மூடுபனி வந்து கவியும், பகல் வெப்பம் 20 டிகிரியை ஒட்டியே நிற்கும். பூமத்திய ரேகையைக் கடந்து தெற்கே போகிறவர்களுக்கோ ஜூன், ஜூலை என்பது குளிர்காலமே.

ஆகவே பயணத்தில் தங்கும் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு வரி எழுதுங்கள்: உயரம், இரவின் குறைந்த வெப்பநிலை, மழை உண்டா இல்லையா. இரவு தங்காமல் கடந்துமட்டும் போகும் கணவாய்களையும் சேர்த்து எழுதுங்கள். நான் மாட்டிக்கொண்டது அப்படி ஓர் இடத்தில்தான்.

பருத்தியை எல்லா இடத்திலும் நம்புவது

வெயில் ஊரில் தொளதொளவென்ற முழுக்கைப் பருத்திச் சட்டைக்கு ஈடில்லை. வியர்வையை உறிஞ்சிக்கொண்டு மெதுவாக உலரும், உலரும்போது உடம்பின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும். குளிரில் பருத்தி நமக்குப் பகையாவதும் இதே குணத்தால்தான். நனைந்த பருத்தி தண்ணீரை விடாது. காற்றைவிடத் தண்ணீர் இருபது மடங்குக்கும் மேல் வேகமாக வெப்பத்தைக் கடத்தும். நூலுக்கு நூல் இடையில் இருந்த காற்று போய் அங்கே தண்ணீர் உட்கார்ந்துவிட்டால், அந்தச் சட்டை உங்கள் சூட்டை வெளியே அனுப்பும் குழாயாகிவிடும்.

கம்பளி அப்படியில்லை. ஈரத்தை இழைக்குள் வாங்கிக்கொண்டும் சுருள்களுக்கிடையே காற்றைப் பிடித்து வைத்திருப்பதால், நனைந்த பிறகும் ஓரளவு கதகதப்பைத் தரும். பாலியெஸ்டர் தண்ணீரை அதிகம் குடிக்காது, சீக்கிரம் உலர்ந்துவிடும். நம்பிக்கை வரவில்லையென்றால் கிளம்புவதற்கு முன் ஒரு பருத்திப் பனியனையும் ஒரு பாலியெஸ்டர் பனியனையும் நனைத்துப் பிழிந்து இரவு அறைக்குள் தொங்கவிடுங்கள். காலையில் இரண்டையும் தொட்டுப் பார்த்தால், மலைக்கு எதை எடுத்துப்போவது என்று உங்கள் விரலே சொல்லிவிடும்.

ஜீன்ஸ் பற்றி எனக்குத் தெளிவான கருத்து உண்டு: பல தட்பவெப்பங்கள் உள்ள பயணத்துக்கு அது வேண்டாம். கனம் அதிகம், வெயிலில் புழுங்கும், நனைந்தால் ஈரப்பதம் மிகுந்த ஊரில் இரண்டு நாளானாலும் இடுப்புப் பட்டையில் ஈரம் தங்கியிருக்கும். மெல்லிய, சீக்கிரம் உலரும் கால்சட்டைகள் இரண்டு இருந்தால் போதும்.

ஒரே ஒரு தடித்த கோட்டு

குளிருக்கு என்று தடித்த கோட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு நிம்மதியாகிவிடுவது அடுத்த தவறு. தடித்த கோட்டைப் போட்டுக்கொள்ளலாம், இல்லையென்றால் கழற்றலாம். நடுவில் எதுவும் கிடையாது. காலை 5 டிகிரி, பத்து மணிக்கு 15, மதியம் 25 என்று மாறும் நாளில் அது பாதிப் பெட்டியை அடைத்துக்கொண்டு சும்மா கிடக்கும்.

அதற்குப் பதில் மூன்று அடுக்குகளாக யோசியுங்கள். உடம்பை ஒட்டி, வியர்வையை வெளியே கடத்தும் மெல்லிய உள்ளாடை. அதன்மேல் சூட்டைப் பிடித்து வைக்கும் கம்பளி அல்லது ஃபிளீஸ் (பஞ்சுபோல் மெத்தென்ற செயற்கை இழைத் துணி) ஸ்வெட்டர். அதற்கும் மேலே காற்றையும் மழையையும் தடுக்கும் மெல்லிய மழைக்கோட்டு. நடப்பதற்குத் தக்கபடி ஒன்றைக் கழற்றலாம், ஒன்றைச் சேர்க்கலாம். இறகு நிரப்பிய ஜாக்கெட் எடை குறைவு, கதகதப்பும் அதிகம். ஆனால் நனைந்தால் இறகுகள் ஒட்டிச் சுருண்டு பயனற்றுப் போகும். அதை மழைக்கோட்டோடு சேர்த்தே நினைக்க வேண்டும்.

வாங்கியதும் மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக வீட்டிலேயே போட்டுப் பாருங்கள். கைகளைத் தலைக்குமேல் தூக்குங்கள். மழைக்கோட்டு அக்குளில் பிடித்தாலோ இடுப்புக்கு மேல் ஏறினாலோ அது ஒரு அளவு சிறியது. மலைமேல் இதைக் கண்டுபிடித்துப் பயனில்லை. குல்லா, கையுறை, கம்பளிக் காலுறை மூன்றும் சேர்ந்து ஒரு கைப்பிடிதான் வரும். கோடை என்பதற்காக அவற்றை விட்டுவிடாதீர்கள்.

குளிர்ந்தால் வெயில் சுடாது என்று நினைப்பது

உயரம் ஒவ்வொரு 1,000 மீட்டர் கூடும்போதும் புற ஊதாக் கதிர்களின் அளவு ஏறத்தாழ 10 சதவீதம் கூடுகிறது. புதிதாக விழுந்த பனி அந்தக் கதிர்களில் 80 சதவீதம்வரை திருப்பி அனுப்பும். மோவாய்க்கு அடியிலும் மூக்குத் துவாரத்திலும்கூடச் சுட்டுவிடுவது அதனால்தான். எஸ்.பி.எஃப். (வெயிலிலிருந்து காக்கும் திறனைச் சொல்லும் எண்) 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீன், புற ஊதாக் கதிர்களைத் தடுக்கும் கறுப்புக் கண்ணாடி, உதட்டுக்குக் களிம்பு ஆகியவை கடற்கரைக்கு வேண்டிய அளவுக்குப் பனிமலைக்கும் வேண்டும். கொசு விரட்டியும் பூச வேண்டிய இடமென்றால் முதலில் சன்ஸ்கிரீன், அது காய்ந்த பிறகு கொசு விரட்டி.

மருந்தும் மின்கலமும்

இது சிறிய பகுதிதான், ஆனால் இங்கே செய்யும் தவறுதான் ஆபத்தானது. மருந்துகளை விமானத்தின் சரக்கறைக்குப் போகும் பெட்டியில் வைக்காதீர்கள். பெட்டி தொலையலாம், உறையலாம், கொதிக்கலாம். இன்னும் பிரிக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். ஒருமுறை உறைந்துவிட்டால் உருகிய பிறகும் அதைப் பயன்படுத்தக் கூடாது. வெயிலில் நிறுத்திய காருக்குள்ளும் வைக்கக் கூடாது, பனியில் நடக்கும்போது முதுகுப்பையின் வெளிப்பையிலும் வைக்கக் கூடாது. உங்கள் மருந்து எந்த வெப்பம்வரை தாங்கும் என்று கிளம்புமுன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

விமானத்தில் பவர் பேங்க் கைப்பையில்தான் வர வேண்டும். பொதுவாக 100 வாட்-அவர்வரை (மின்கலம் தேக்கிவைக்கும் ஆற்றலின் அளவு) தனி அனுமதி தேவையில்லை. 20,000 மில்லி ஆம்பியர்-அவர் என்று போட்டிருந்தால் 3.7 வோல்ட் கணக்கில் அது 74 வாட்-அவர். குளிரில் மின்கலங்கள் சட்டென்று இறங்கிவிடும். இரவில் போனையும் பவர் பேங்கையும் போர்வைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். சமவெளியில் மூடிய ஷாம்பு புட்டி உயரத்தில் உப்பி, திறந்ததும் பீறிடும். மூடும்போதே புட்டியை அமுக்கிக் காற்றை வெளியேற்றிவிட்டு, ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையில் போடுங்கள்.

நாளுக்கு ஓர் உடை

பதினைந்து நாள் பயணத்துக்குப் பதினைந்து சட்டைகள் தேவையில்லை. ஐந்து நாளுக்கு எடுத்துக்கொண்டு துவைத்துப் போடலாம். எந்த ஊரில் துவைக்கிறோம் என்பதில்தான் கவனம் வேண்டும். வறண்ட ஊரில் இரவு கொடியில் போட்டது காலையில் மொறமொறவென்று இருக்கும். புழுக்கமான கடற்கரையில் அதே துணி மறுநாளும் காயாமல் நாற்றமெடுக்கும். அடுத்து ஈரமான ஊர் என்றால் வறண்ட ஊரைவிட்டுக் கிளம்புமுன் எல்லாவற்றையும் துவைத்துவிடுங்கள். ஷூ புதிதாக வாங்கினால் சில வாரங்கள் நடந்து பழக்கிய பிறகே கொண்டுபோங்கள். நனைந்தால் உள்ளே செய்தித்தாளைத் திணித்து, தாள் ஊறியதும் மாற்றுங்கள்.

கடைசியாக, அடுக்கும் முறை. சட்டைகள் ஒரு பக்கம், கம்பளிகள் ஒரு பக்கம் என்று வகை பார்த்து அடுக்குவதுதான் நம் வழக்கம். அப்படி அடுக்கும்போது நாளை தேவைப்படும் பொருள் அடியில் போய்விடுகிறது. தட்பவெப்பம் மாறப்போகும் நாளுக்கு முந்தைய இரவு பெட்டியைத் திறந்து, மறுநாளைக்கு வேண்டியதைக் கைப்பைக்கு மாற்றுவதை நான் வழக்கமாக்கிக்கொண்டிருக்கிறேன். மழைக்கோட்டு, ஸ்வெட்டர், குல்லா, மருந்து, தண்ணீர். அவற்றோடு உலர்ந்த பனியன் ஒன்று. உச்சிக்கு முன்னால் பஸ் தேநீருக்கு நிற்கும் இடத்திலேயே வியர்வையில் நனைந்த சட்டையைக் கழற்றி, அந்தப் பனியனைப் போட்டு, அதன்மேல் ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டுதான் மேலே போகிறேன்.