'சிலோன்' என்று தேடுங்கள், பேய் கிடைக்கும்

இலங்கை மலைநாட்டின் ஹட்டனில் மழைக்காலம் வந்தால் பின்னேரமே பனிமூட்டம் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தை மூடிவிடும். பேய்க்கதைக்கு ஏற்ற நேரம். எனக்குப் பிடித்தவை, துப்பறியும் கதையால் பேர் வாங்கியவர்கள் எழுதி, அந்தப் பேராலேயே மறைந்துபோன பேய்க்கதைகள். நான் தேடும் வழி இது.

தேடும்போது பேய், ஆவி என்று ஆங்கிலத்தில் போடாதீர்கள். எல்லாரும் படித்த கதைகளே திரும்பத் திரும்ப வரும். உங்கள் ஊரின் பழைய பெயரைப் போடுங்கள். இன்டர்நெட் ஆர்கைவ் என்ற இணைய நூலகத்தில் புத்தகத்தின் உள்ளேயும் தேடலாம். ஷெர்லக் ஹோம்ஸை எழுதிய ஆர்தர் கோனன் டாயிலின் பெயரோடு 'சிலோன்', 'பிளான்டர்' (தோட்டத் துரை) என்ற சொற்களை ஆங்கிலத்தில் கொடுத்தேன். 'டி புரோஃபண்டிஸ்' வந்து நின்றது! 1892இல் வந்த கதை. தலைப்பு லத்தீன், 'ஆழங்களிலிருந்து' என்று பொருள். பேயைத் தேடுகிறவர் கண்ணில் இது எப்படிப் படும்?

நம் மலைநாட்டுத் துரை ஒருவர் லண்டன் போய்க் கல்யாணம் முடிக்கிறார். திரும்பும் நேரத்தில் நோய் விழுகிறது. அவர் ஒரு கப்பலில், மனைவி இன்னொன்றில். கடலில் அவள் கண்டதை நீங்களே படியுங்கள்.

1869இல் தொடங்கிய இலைநோய் கோப்பியை அழித்ததும், அந்த இடத்தில் தேயிலை எழுந்ததும் கதையில் வருகின்றன. தேயிலை மலைகளை வீரத்தின் நினைவுச்சின்னம் என்கிறார் டாயில். அந்த வீரத்தைத் துரைமாருக்கே கொடுத்துவிட்டார். இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்து, மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டுவழியே நடந்து, பாதிவழியில் செத்தவர்களை நினைத்தேன். அன்று இரவு தூக்கம் வரவில்லை.

அப்புறம், தொகுப்புகள். 'பேய்க்கதைகள்' என்று அட்டையில் போட்டதை விட்டுவிட்டு, கலவையான சிறுகதைப் புத்தகங்களின் பொருளடக்கத்தைப் பாருங்கள். இந்தக் கதை இருப்பது 1911இல் வந்த 'தி லாஸ்ட் கேலி'யில். குட்டன்பர்க் தளத்தில் இலவசம். சிக்னல் மோசமான தோட்டங்களில் படமில்லாத எழுத்துக் கோப்பை இறக்கினால் போதும்.

தலைப்பு மாறியிருக்கும், கவனம். 1899இல் ஸ்ட்ராண்ட் இதழில் வந்த 'தி பிரவுன் ஹேண்ட்' கதை சில இடங்களில் 'தி ஸ்டோரி ஆஃப்' என்று தொடங்கும். பம்பாயில் வேலைசெய்த டாக்டரிடம், வெட்டியெடுத்த தன் கையைக் கேட்டு வரும் ஆவி அது. கட்டாயம் படியுங்கள்.

டாயில் 1930இல் காலமானதால் உரிமைச் சிக்கல் இல்லை. அகதா கிறிஸ்டியும் ஆவிக்கதை எழுதியிருக்கிறார். 1933இல் வந்த 'தி ஹவுண்ட் ஆஃப் டெத்' தொகுப்பைப் பழைய புத்தகக் கடையில் கேளுங்கள்.

கிடைத்ததை வீட்டில் வாய்விட்டுச் சொல்லுங்கள். அடுப்படியில் அம்மாயிக்குத் தமிழில் சொன்னேன். துரைக்குப் பெரியம்மை என்றதும் கையைப் பிடித்து நிறுத்தினார். "அப்படிச் சொல்லாத ஆயி. மாரியாத்தா முத்து போட்டிருக்கான்னு சொல்லு." அந்த இடத்தை இப்போதெல்லாம் அப்படித்தான் சொல்கிறேன்.