ஓடாத ஏசி கம்ப்ரசர்: கழற்றுவதா, காற்றடிக்க வைத்துக்கொள்வதா?

பழைய பிக்கப் வண்டிகளிலும் சிறிய லாரிகளிலும் ஏசி பழுதாகி, குளிரூட்டும் கேஸ் வெளியேறி, சரிசெய்யும் செலவு கட்டுப்படியாகாது என்று கைவிடப்பட்ட பின்னும், கம்ப்ரசர் மட்டும் இன்ஜினின் பக்கவாட்டில் அப்படியே இருந்துகொண்டிருக்கும். அது வீணாக டீசலைக் குடிக்கிறது என்று எண்ணி உடனே கழற்றிவிட நினைப்பவர்கள் பலர். ஆனால் பெரும்பாலான கம்ப்ரசர்களின் முன்புறத்தில் காந்தக் கிளட்ச் ஒன்று உண்டு. ஏசி சுவிட்சைப் போடாதவரை பெல்ட் சுழற்றுவது வெளியே உள்ள புல்லியை மட்டுமே, உள்ளிருக்கும் பிஸ்டன்கள் அசைவதே இல்லை. எனவே அது இன்ஜினிடம் வாங்கும் சக்தி ஒரு பேரிங்கின் உராய்வு அளவுதான். டீசல் மிச்சமாகும் என்பதற்காக மட்டும் கழற்றுவதாக இருந்தால், அந்த உழைப்பு தேவையற்றது. கிளட்ச் இல்லாத புதிய வகைகள் இதற்கு விலக்கு: அவற்றின் தண்டு எப்போதும் சுழல்வதால், கேஸும் எண்ணெயும் இல்லாமல் ஓடினால் உட்பாகங்கள் இறுகிவிடும்.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது புல்லியின் பேரிங்கை. இன்ஜினை நிறுத்தி, பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி, பெல்ட்டைத் தளர்த்தி எடுத்துவிட்டு, புல்லியைக் கையால் சுழற்றிப் பாருங்கள். ஓசையின்றி, ஆட்டமின்றிச் சுழன்றால் கம்ப்ரசரைத் தொட வேண்டாம். கிளட்ச்சுக்குப் போகும் மின்கம்பியைப் பிரித்து, முனையில் இன்சுலேஷன் டேப் சுற்றிக் கட்டி வைத்தால் போதும். கரகரவென்று ஒலித்தாலோ, முன்னும் பின்னும் அசைந்தாலோ பேரிங் தேய்ந்துவிட்டது என்று பொருள். அந்த நிலையில் தள்ளிப்போடுவது ஆபத்து. ஏனெனில் ஒரே பெல்ட் ஆல்டர்னேட்டரையும் தண்ணீர்ப் பம்பையும் பவர் ஸ்டியரிங்கையும் சேர்த்து ஓட்டும் வண்டிகளில், பேரிங் இறுகிப் பெல்ட் அறுந்தால் சற்று நேரத்தில் இன்ஜின் கொதித்து, நடுவழியில் நிற்க நேரிடும். பேரிங்கை மட்டும் மாற்றுவது பல கம்ப்ரசர்களில் எளிது: கிளட்ச்சின் முன்தட்டையும், புல்லியைப் பிடித்திருக்கும் சர்க்லிப் என்ற வளையத்தையும் எடுத்தால் புல்லி கழன்று வந்துவிடும், கேஸ் குழாய்களைத் திறக்கவே வேண்டியதில்லை.

கம்ப்ரசருக்கென்று தனி வி-பெல்ட் இருக்கும் வண்டியானால் வேலை இன்னும் குறைவு. அந்த ஒரு பெல்ட்டை எடுத்துவிட்டால் முடிந்தது.

முழுவதுமாகக் கழற்றத்தான் வேண்டும் என்றால், கேஸை முதலில் முறைப்படி வெளியேற்றுங்கள். ஏசி வேலை செய்யவில்லை என்பதால் உள்ளே அழுத்தம் இல்லை என்று கருதக் கூடாது. வாகன ஏசிகளில் பரவலாக உள்ள ஆர்-134ஏ வாயு −26 டிகிரி செல்சியஸிலேயே கொதிப்பது. திறந்த குழாயிலிருந்து கண்ணிலோ தோலிலோ பீறிட்டால் நொடியில் உறைபுண் உண்டாகும். அதோடு, கரியமில வாயுவைப் போல் 1,430 மடங்கு புவியைச் சூடாக்கும் வாயுவாக அது கணக்கிடப்படுகிறது. ஆகவே கேஸை உறிஞ்சிச் சேமிக்கும் இயந்திரம் உள்ள ஏசி கடையில் இந்த ஒரு வேலையை மட்டும் செய்துகொள்வதே முறை. அதன் பிறகு இரு குழாய்களையும் கழற்றி, முனைகளை உடனடியாக மூடியிட்டு அடைத்துவிடுங்கள். கம்ப்ரசர் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை விரைவாக இழுத்துக்கொள்ளும் என்பதால், பின்னாளில் ஏசியைத் திரும்பப் பொருத்த நினைத்தால் இந்த மூடிகள்தான் துணைநிற்கும். கம்ப்ரசர் கனமானது, கடைசி போல்ட்டை எடுக்கும்போது ஒருவர் கீழிருந்து தாங்கிக்கொள்வது நல்லது.

கழற்றிய பின் பெல்ட்டின் பாதையில்தான் உண்மையான சிக்கல் தொடங்குகிறது. அதே மாடலில் ஏசி இல்லாத வகை விற்பனையில் இருந்திருந்தால், அதன் பெல்ட் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். இல்லையேல் கம்ப்ரசரின் இடத்தில் எதையும் ஓட்டாமல் பெல்ட்டைத் தாங்கிச் சுழல மட்டும் செய்யும் வெற்றுப் புல்லி ஒன்றைப் பொருத்தி, பழைய பெல்ட்டையே தொடரலாம். என் பார்வையில் இதுவே பாதுகாப்பானது. நீளம் குறைந்த பெல்ட் போடுவோர் புதிய பாதையில் நூலை ஓட்டி அளந்துகொள்ள வேண்டும். பெல்ட்டின் மீதுள்ள 6பிகே1700 என்ற குறியீட்டில் 6 என்பது பெல்ட்டின் நீளவாக்கில் ஓடும் வரிகளின் எண்ணிக்கை, 1700 என்பது மில்லிமீட்டரில் நீளம். பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் தன் நகர்வின் நடுப்பகுதியில் நிற்க வேண்டும்; கிராங்க் புல்லியையும் தண்ணீர்ப் பம்பையும் பெல்ட் போதிய அளவு தழுவியிருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, முன்பு பெல்ட்டின் முதுகுப்பக்கத்தால் சுழன்ற புல்லி இப்போது வரிப்பக்கத்தால் சுழன்றால், அது எதிர்த்திசையில் ஓடும். தண்ணீர்ப் பம்ப் இப்படித் தலைகீழாகச் சுழன்றால் குளிர்நீர் ஓட்டம் கெட்டு இன்ஜின் சூடாகும்.

ஒரு சட்டக் குறிப்பையும் சொல்லியாக வேண்டும். இந்தியாவில் 2025 அக்டோபர் 1 முதல் தயாரிக்கப்படும் என்2, என்3 வகைச் சரக்கு வண்டிகளில், அதாவது மொத்த எடை 3.5 டன்னுக்கு மேற்பட்டவற்றில், ஓட்டுநர் அறைக்கு ஏசி கட்டாயம். அவற்றில் கம்ப்ரசரைக் கழற்றும் எண்ணமே வேண்டாம். வெயிலில் நாளெல்லாம் ஓட்டுபவரின் உடல்நலத்துக்காக வந்த விதி அது.

கம்ப்ரசரின் உட்பாகங்கள் நல்ல நிலையில் இருந்தால், டயருக்குக் காற்றடிக்கும் பம்பாக அதை மாற்றிக்கொள்ள முடியும். சான்டென் எஸ்டி508 என்ற கம்ப்ரசர் ஒரு சுற்றுக்கு 138 கன சென்டிமீட்டர் காற்றை இழுக்கும். நிமிடத்துக்கு 1,500 சுற்று என்றால் கணக்குப்படி 207 லிட்டர். இழப்புகள் போக அதில் பாதி கிடைத்தாலும், 60 லிட்டர் கொள்ளளவுள்ள வெற்று டயரை 35 பிஎஸ்ஐ வரை நிரப்ப ஒன்றரை நிமிடம் போதும். குறை எண்ணெயில் இருக்கிறது. இவ்வகைக் கம்ப்ரசரில் எண்ணெய் கேஸோடு சேர்ந்தே சுற்றிவருவது; காற்றை அடிக்கும்போது அது வெளியே போய்த் திரும்பி வராது. ஆகவே உள்வாயிலில் காற்று வடிகட்டியும் எண்ணெய் சொட்டும் அமைப்பும், வெளிவாயிலில் எண்ணெய் பிரிப்பானும் தேவை. பழைய யார்க் கம்ப்ரசர்களில் எண்ணெய் தனித் தொட்டியில் இருப்பதால், இந்த வேலைக்கு அவையே ஏற்றவை.

வெளியேறும் காற்று கடுமையாகச் சூடாக இருக்கும் என்பதால் முதல் குழாய் உலோகத்தாலோ, கம்பி பின்னிய டெஃப்லானாலோ ஆனதாக இருக்கட்டும். அடுத்து ஒருவழி வால்வு, அழுத்தத்துக்கென்றே செய்யப்பட்ட டேங்க், ஏறத்தாழ 110 பிஎஸ்ஐயில் கிளட்ச்சைத் துண்டிக்கும் அழுத்த சுவிட்ச், 150 பிஎஸ்ஐயில் திறக்கும் பாதுகாப்பு வால்வு ஆகியவற்றைப் பொருத்துங்கள். பாதுகாப்பு வால்வு இல்லாமல் ஒருமுறைகூட ஓட்டிப் பார்க்காதீர்கள். கிளட்ச்சின் மின்சாரத்தை ரிலேயும் ஃபியூஸும் வழியாகவே கொடுக்க வேண்டும். 24 வோல்ட் லாரியில் 12 வோல்ட் கிளட்ச் சுருளைக் கோத்தால் அது கருகிவிடும். பழைய கேஸின் மிச்சம் துளியும் உள்ளே இருக்கக் கூடாது, ஏனெனில் அழுத்தமும் சூடும் சேர்ந்தால் காற்றில் கலந்த ஆர்-134ஏகூடத் தீப்பிடிக்கக்கூடியது. இந்தக் காற்றை வண்டியின் ஏர் பிரேக் குழாயோடு எக்காரணம் கொண்டும் இணைக்காதீர்கள். டேங்கின் அடியில் வடிகால் திருகு ஒன்று வைத்து, அதில் தேங்கும் நீரையும் எண்ணெயையும் வாரம் ஒருமுறை வெளியேற்றி வாருங்கள்.