உலகைச் சுற்றும் நீண்ட பயணம்: விமானங்களையும் செலவையும் திட்டமிடும் முறை

ஒரு வருடம் உலகைச் சுற்றக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் முதலில் செய்வது, பார்க்க ஆசைப்படும் 25 ஊர்களை எழுதிவைத்து ஒவ்வொன்றுக்கும் டிக்கெட் விலை தேடுவது. பட்ஜெட் அங்கேயே கைமீறத் தொடங்கிவிடுகிறது. இந்தப் பயணத்துக்கு முதுகெலும்பு, கடல் தாண்டும் மூன்று நான்கு நீண்ட விமானங்கள்தான். அவற்றை முதலில் முடிவு செய்யுங்கள். நடுவில் இருப்பதையெல்லாம் பஸ், ரயில், மலிவு விமானம் என்று பிறகு நிரப்பிக்கொள்ளலாம்.

முதலில் பருவம், அப்புறம் திசை

12 மாதங்களுக்கு 12 கட்டம் போட்டு, போக நினைக்கும் ஒவ்வொரு பகுதிக்கும் நல்ல மாதங்களை மட்டும் நிழலிடுங்கள். தென் அமெரிக்காவின் தெற்கு முனையில் இருக்கும் பட்டகோனியாவுக்கு நவம்பர் முதல் மார்ச் வரை. நேபாள மலையேற்றத்துக்கு அக்டோபர், நவம்பர், அல்லது மார்ச், ஏப்ரல். கரீபியனில் ஜூன் முதல் நவம்பர் வரை புயல் காலம். கிழக்கு ஆப்பிரிக்காவில் பெருமழை மார்ச் முதல் மே வரை. நிழல்கள் எந்த வரிசையில் அடுத்தடுத்து விழுகின்றன என்று பார்த்தால் கிழக்கே போவதா மேற்கே போவதா என்பது தானாகவே தெரிந்துவிடும். ஏப்ரல் கடைசியிலிருந்து மே முதல் வாரம் வரை ஜப்பானில் வரும் விடுமுறை வாரம், சந்திரப் புத்தாண்டு, ஈஸ்டர் ஆகியவற்றையும் அதே தாளில் குறித்துவையுங்கள். அந்த நாட்களில் விமானமும் அறையும் சேர்ந்தே ஏறும்.

மேற்கு நோக்கிப் பறந்தால் நாள் நீளும். உடம்பு எளிதில் பழகிக்கொள்ளும். கிழக்கு நோக்கிப் பறக்கும்போது மேலடுக்குக் காற்று பின்னாலிருந்து தள்ளுவதால் பறக்கும் நேரம் குறையும், ஆனால் தூக்கம் கெடும். ஒவ்வொரு இடத்திலும் பல வாரம் தங்குகிறவர் இதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. பொருட்படுத்த வேண்டியது பன்னாட்டுத் தேதிக்கோட்டை. லாஸ் ஏஞ்சலஸில் திங்கள் இரவு ஏறினால் சிட்னியில் புதன் காலை இறங்குவீர்கள். செவ்வாய்க்கிழமையே உங்களுக்குக் கிடையாது. எதிர்த்திசையில் டோக்கியோவில் மாலை ஏறினால் அதே தேதியின் காலையில் லாஸ் ஏஞ்சலஸில் இருப்பீர்கள். அறையைத் தவறான இரவுக்குப் பதிவு செய்து பணத்தை இழப்பது பெரும்பாலும் இந்தக் கோட்டில்தான் நடக்கிறது. டிக்கெட்டில் இறங்கும் தேதியைப் பார்த்த பிறகே அறை பதிவு செய்யுங்கள்.

அபூர்வமான வழிகளை முதலில் பிடியுங்கள்

வட அட்லாண்டிக்கிலும் வட பசிபிக்கிலும் போட்டி அதிகம், விமானங்களும் ஏராளம். தெற்கே கதை வேறு. தென் அமெரிக்காவிலிருந்து ஆஸ்திரேலியா, நியூசிலாந்து பக்கம் போக சாண்டியாகோ–சிட்னி, சாண்டியாகோ–ஆக்லாந்து போன்ற சில நேர்வழிகளே உண்டு. ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து பெர்த் அல்லது சிட்னி, சாவ் பாவ்லோவிலிருந்து ஜோகன்னஸ்பர்க் என்பவையும் அப்படித்தான். இவற்றில் ஒன்று உங்கள் பாதையில் இருந்தால் முழுத் திட்டத்தையும் அதைச் சுற்றியே கட்டுங்கள்.

பல ஏர்லைன்கள் சேர்ந்த கூட்டணிகள், உலகைச் சுற்ற ஒரே டிக்கெட்டாக விற்கின்றன. எந்தக் கூட்டணியின் டிக்கெட் என்பதும் இங்கேதான் முடிவாகிறது. சாண்டியாகோ–சிட்னி வழியில் பறக்கும் குவாண்டாஸ், ஒன்வேர்ல்டு கூட்டணியில் இருக்கிறது. அதே வழியில் பறக்கும் லாட்டம் 2020இல் அந்தக் கூட்டணியை விட்டு விலகிவிட்டது, இப்போது எந்தக் கூட்டணியிலும் இல்லை. தென் பசிபிக்கைக் கடக்க வேண்டியவர் இன்னொரு கூட்டணியான ஸ்டார் அலையன்ஸின் டிக்கெட் எடுத்தால் பெரும்பாலும் வட அமெரிக்கா வழியாகச் சுற்ற நேரும்.

தனித்தனி டிக்கெட் எடுப்பவர்கள், ஒரு ஏர்லைன் தன் சொந்த நாட்டைத் தொடாமல் வேறு இரண்டு நாடுகளுக்கு நடுவே ஓட்டும் விமானங்களையும் தேடிப் பார்க்க வேண்டும். சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் பிராங்க்பர்ட்–நியூயார்க், எமிரேட்ஸின் மிலன்–நியூயார்க் போன்றவை இந்த வகை. இவற்றில் விலை சில சமயம் நன்றாகவே குறைந்து கிடைக்கும்.

ஒரே டிக்கெட்டா, தனித்தனியா?

கூட்டணிகள் விற்கும் அந்த ‘ரவுண்ட் தி வேர்ல்டு’ டிக்கெட்டின் விதிகள் பார்க்கக் கடினமாக இருந்தாலும் அடிப்படை சுலபம்தான். ஒரே திசையில் போக வேண்டும். அட்லாண்டிக்கையும் பசிபிக்கையும் ஒவ்வொரு முறை கடக்க வேண்டும். கிளம்பிய நாட்டிலேயே முடிக்க வேண்டும். ஒரு வருடத்துக்குள், அதிகபட்சம் 16 பகுதிகளில் (ஒவ்வொரு விமானமும் ஒரு பகுதி) எல்லாம் அடங்க வேண்டும். ஸ்டார் அலையன்ஸில் மொத்த மைல் கணக்கில் விலை: 29,000, 34,000, 39,000 என்று படிகள். ‘ஒன்வேர்ல்டு எக்ஸ்ப்ளோரர்’ டிக்கெட்டில் மைல் கணக்கே இல்லை. தொடும் கண்டங்கள் மூன்றா, நான்கா, ஆறா என்பதற்கே காசு. ஒரு கண்டத்துக்குள் நான்கு விமானங்கள் வரை பறக்கலாம், வட அமெரிக்காவில் மட்டும் ஆறு. மத்திய கிழக்கும் எகிப்தும் அந்தக் கணக்கில் ஐரோப்பாவோடு சேர்ந்தவை, அதனால் கெய்ரோவுக்குத் தனிக் கண்டக் கட்டணம் விழாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சிங்கப்பூர்–சிட்னி சுமார் 3,900 மைல், சிட்னி–சாண்டியாகோ 7,050, சாவ் பாவ்லோ–லண்டன் 5,900, லண்டன்–சிங்கப்பூர் 6,750. கூட்டினால் 23,600. சாண்டியாகோவிலிருந்து சாவ் பாவ்லோவுக்குத் தரைவழியாகப் போகிறீர்கள், அதனால் அந்த 1,600 மைல் கணக்கில் வராது என்று நினைத்துவிடாதீர்கள். மைல் கணக்கு டிக்கெட்டில் அதுவும் சேரும். 16 பகுதிகளில் ஒன்றாகவும் எண்ணப்படும். ஆக 25,200, அதாவது 29,000 மைல் படிக்குள் அடங்கும். தூரங்களை ‘கிரேட் சர்க்கிள் மேப்பர்’ தளத்தில் விமான நிலையக் குறியீடுகளை இட்டுப் பார்த்துவிடலாம்.

இதே டிக்கெட்டுக்கு, கிளம்பும் நாட்டைப் பொறுத்து விலை மாறும். சில நாடுகளில் வித்தியாசம் மிகப் பெரியது. ஒரு மலிவு விமானத்தில் அங்கே போய்ச் சேர்ந்து அங்கிருந்து தொடங்கினாலும் லாபமே. கூட்டணிகளின் தளத்திலேயே பாதையை வரைந்து, தொடங்கும் நாட்டை மாற்றி மாற்றி விலை பாருங்கள். அதன்பின் அதே நீண்ட பகுதிகளை ‘கூகிள் ஃபிளைட்ஸ்’ தளத்தில் ஒருவழி டிக்கெட்டுகளாகத் தேடிக் கூட்டுங்கள். நான்கைந்து நிறுத்தங்களுடன், வடக்கு அரைக்கோளத்திலேயே சுற்றுகிறவருக்குப் பெரும்பாலும் தனித்தனி டிக்கெட் மலிவு. தெற்கே மூன்று கண்டங்களைத் தொடுகிறவருக்கும், பிசினஸ் வகுப்பில் போகிறவருக்கும் ஒரே டிக்கெட் நன்மை தரும்.

அந்த டிக்கெட்டில் மூன்று இடத்தில் தவறு நடக்கும். ஏர்லைன்கள் கால அட்டவணையைச் சுமார் 330 முதல் 360 நாள் முன்னால்தான் திறக்கின்றன. ஒரு வருடப் பயணத்தின் கடைசி விமானத்தை இன்றே சரியான தேதியில் பதிய முடியாது. கிடைக்கும் தேதியில் பதிந்துவிட்டுப் பிறகு மாற்றுங்கள்; தேதி மாற்றம் பொதுவாகக் கட்டணம் இல்லாமலோ குறைவாகவோ இருக்கும், பாதை மாற்றத்துக்குத்தான் காசு. இரண்டாவது, ஒரு பகுதியில் சொல்லாமல் ஏறாமல் விட்டால் மீதி டிக்கெட் முழுவதும் ரத்தாகிவிடும். திட்டம் மாறினால் விமானம் கிளம்பும் முன்பே கூப்பிட்டு மாற்றிவிடுங்கள். மூன்றாவது, 24 மணி நேரத்துக்குக் குறைவாக ஓரிடத்தில் நின்றால் அது இணைப்பு, கூடினால் நிறுத்தம். இந்த எல்லையை உங்கள் பக்கம் பயன்படுத்தலாம்: காலையில் இறங்கி மறுநாள் விடியலில் கிளம்பினால், நிறுத்தக் கணக்கில் வராமலே ஒரு நகரத்தைப் பார்த்துவிடலாம்.

விளம்பர விலையில் வரிகளும் எரிபொருள் சர்சார்ஜும் பல சமயம் இருக்காது. பிரிட்டனிலிருந்து கிளம்பும் பயணிகளுக்கு விமான வரி உண்டு. தூரமும் வகுப்பும் ஏற ஏற அதுவும் ஏறும். அதே டிக்கெட்டில் 24 மணி நேரத்துக்குள் மாறிச் செல்கிறவருக்கு அது கிடையாது. லண்டனில் இறங்கிச் சுற்றிவிட்டு, ரயிலில் பாரிஸுக்கோ கப்பலில் டப்ளினுக்கோ போய் அங்கிருந்து நீண்ட விமானம் பிடித்தாலும் அது விழாது. அயர்லாந்தில் இத்தகைய வரி 2014 முதல் இல்லை.

தனித்தனி டிக்கெட் எடுப்பவரின் அபாயம் இணைப்பில் இருக்கிறது. முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது ஏர்லைனுக்கு எந்தப் பொறுப்பும் இல்லை. லக்கேஜை எடுத்து, குடிநுழைவு தாண்டி, மறுபடி செக்-இன் செய்ய வேண்டும். நடுவே ஆறு மணி நேரமாவது விடுங்கள். அடுத்தது கடல் தாண்டும் விமானம் என்றால் ஓர் இரவு தங்குவதே சரி. மலிவு விமானங்களில் கைப்பை பெரும்பாலும் 7 கிலோதான். மூட்டை 12 கிலோ என்றால் ஒவ்வொரு முறையும் லக்கேஜ் கட்டணத்தைச் சேர்த்தே விலையை ஒப்பிடுங்கள்.

விசா எழுதும் பாதை

உங்கள் பாஸ்போர்ட்டுக்கு எங்கே விசா தேவை என்பது டிக்கெட் வாங்கும் முன்பே தெரிந்திருக்க வேண்டும். வாங்கி மூன்று மாதத்துக்குள் நுழைந்தாக வேண்டிய விசாக்கள் உண்டு. தாங்கள் அமைந்திருக்கும் நாட்டில் வசிப்பவரிடம் மட்டுமே விண்ணப்பம் வாங்கும் தூதரகங்களும் உண்டு. இந்த இரண்டு தன்மையும் சேர்ந்த நாட்டைப் பயணத்தின் முதல் மூன்று மாதத்துக்குள் வையுங்கள். அமெரிக்காவில் விமானம் மாற மட்டும் இறங்கினாலும் குடிநுழைவு தாண்ட வேண்டும், அதற்கும் அனுமதி வேண்டும். தங்களுக்குள் எல்லைச் சோதனையை நீக்கிய ஐரோப்பிய நாடுகளின் ஷெங்கன் பகுதியில் எந்த 180 நாளிலும் 90 நாள்தான். குரோஷியா 2023இலும், ருமேனியாவும் பல்கேரியாவும் 2025இலும் முழுமையாக உள்ளே வந்துவிட்டன; பழைய குறிப்புகளை நம்பி அங்கே போய் நாட்களைக் கழிக்க முடியாது. ஒருவழி டிக்கெட்டோடு வருகிறவரிடம் வெளியேறும் டிக்கெட்டைக் கேட்பது குடிநுழைவு அதிகாரி மட்டுமல்ல, ஏறும் இடத்து செக்-இன் கவுண்டரும் கேட்கும். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று ஊசி போட்ட 10ஆம் நாளிலிருந்தே செல்லும். தென் அமெரிக்காவிலிருந்தோ ஆப்பிரிக்காவிலிருந்தோ வருகிறவர்களிடம் அடுத்த நாடு கேட்கக்கூடும் என்பதால் கிளம்பும் முன்பே போட்டுவிடுங்கள்.

செலவைப் பிரித்து எழுதுதல்

‘நாளுக்கு இவ்வளவு’ என்ற ஒற்றை எண்தான் பல பட்ஜெட்டுகளைக் கவிழ்க்கிறது. நான்கு தாள் போடுங்கள். கிளம்பும் முன் ஆகும் செலவு: தடுப்பூசி, விசா, காப்பீடு, பை, மருந்து. கடல் தாண்டும் விமானங்கள். நாடுவாரியான தினச் செலவு. பெரிய செலவுகள் தனியாக.

அந்தக் கடைசித் தாள் முக்கியம். ருவாண்டாவில் கொரில்லா பார்க்க ஒருவருக்கு அனுமதிக் கட்டணம் 1,500 டாலர். பூட்டானில் பெரும்பாலான வெளிநாட்டவருக்கு ஓர் இரவுக்கு 100 டாலர் அரசுக் கட்டணம். ஈக்வடாரின் காலபகோஸ் தீவுகளுக்கு நுழைவுக் கட்டணம் பெரும்பாலான வெளிநாட்டவருக்கு 2024 ஆகஸ்டிலிருந்து 200 டாலர். இவற்றைத் தினச் செலவில் கரைத்தால் சராசரியே பொய்யாகிவிடும்.

தினச் செலவை நாட்டுக்கு நாடு தனியாகக் கட்டுங்கள்: படுக்கை, மூன்று வேளைச் சாப்பாடு, ஊருக்குள் போக்குவரத்து, துணி துவைத்தல், சிம். அதற்குமேல் இடம் மாறும் செலவு. 30 நாளில் 10 முறை இடம் மாறினால், ஒவ்வொன்றும் 25 டாலர் என்று வைத்தாலும் 250 டாலர். நான்கு முறை மாறினால் 100. ஒரே இடத்தில் ஒரு வாரத்துக்குமேல் தங்கினால் அறையிலும் தள்ளுபடி கிடைக்கும், சமைக்கவும் முடியும். விலை உயர்ந்த நாட்டில் நாட்களைக் குறைப்பதைவிட, எந்த நாட்டிலும் ஓட்டத்தைக் குறைப்பதே அதிகம் மிச்சப்படுத்துகிறது. வந்த மொத்தத்தோடு 15 சதவீதம் கூட்டுங்கள்.

காப்பீட்டில் இரண்டு வரிகளைத் தேடிப் படியுங்கள். வருடம் முழுவதற்குமான பாலிசிகள் பல, ஒரு பயணத்துக்கு இத்தனை நாள்தான் என்று எல்லை வைக்கின்றன. நீண்ட பயணத்துக்கு அவை உதவாது. உரிமம் இல்லாமல் ஸ்கூட்டர் ஓட்டி விழுந்தால் மருத்துவச் செலவை மறுக்கும் பாலிசிகளும் நிறைய. அமெரிக்காவையும் கனடாவையும் சேர்த்தால் பிரீமியம் கூடும், அதனால் அந்த நாடுகளில் உண்மையில் எத்தனை நாள் என்பதைக் கணக்கிட்டு எடுங்கள்.

இரண்டு வெவ்வேறு வங்கிகளின் கார்டுகள், வேறு வேறு பையில். ஏடிஎம்மோ கடையோ ‘உங்கள் நாட்டுப் பணத்திலேயே கழிக்கவா’ என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள், அந்த மாற்று விகிதம் எப்போதும் நஷ்டம்தான். அவசரத்துக்கு வைக்கும் டாலர் நோட்டுகள் புதிதாக, கிழிசலும் கறையும் இல்லாமல் இருக்கட்டும். பழைய நோட்டுகளை வாங்க மறுக்கும் நாடுகள் பல.

மாதக் கடைசியில் செலவைத் திட்டத்தோடு ஒப்பிடுங்கள். 10 சதவீதம் தாண்டியிருந்தால் அடுத்த மாதத்தில் ஓர் ஊரை வெட்டி, அந்த நாட்களை இருக்கிற ஊரிலேயே கழியுங்கள். தொடவே கூடாத இரண்டு தொகைகள் தனிக் கணக்கில் இருக்கட்டும்: எங்கிருந்தும் உடனே வீடு திரும்ப ஒரு ஒருவழி டிக்கெட்டுக்கான பணம், திரும்பிய பிறகு இரண்டு மாத வாடகைக்கும் சாப்பாட்டுக்குமான பணம்.