பழைய டூ ஸ்ட்ரோக் ஸ்னோமொபைலில் (பனியில் ஓடும் வண்டி) ஆயில் ஒழுகுதா? எங்கிருந்து என்று கண்டுபிடிக்கும் வழி

சொட்டு விழுகிற இடத்தை மட்டும் நம்பாதீர்கள். எஞ்சினுக்கு அடியில் இருக்கும் தட்டு ஒரு தாம்பாளம் மாதிரி, எங்கே கசிந்தாலும் அதில் ஓடி, வண்டி எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதோ அந்தப் பக்கத்து ஓட்டை வழியாகத்தான் வெளியே வரும். கிளட்சுக்குக் கீழே ஈரம் இருந்ததால் கிராங்க் சீல்தான் (கிராங்க் தண்டு வெளியே வரும் இடத்தில் உள்ள ரப்பர் வளையம்) என்று அடித்துச் சொல்லி, அரை நாள் செலவழித்துக் கிளட்சைக் கழற்றினேன். கடைசியில் பார்த்தால் ஆயில் டாங்க்கின் அடி ரப்பர்!

முதலில் ஒழுகுவது என்ன என்று பாருங்கள். காரில் இருப்பது போல ஆயில் சட்டி இந்த எஞ்சினில் கிடையாது, தனி ஆயில் டாங்க்கிலிருந்து ஹோஸ் வழியாகப் பம்ப்தான் ஆயிலை அனுப்பும். வெள்ளைக் காகிதத்தில் ஒரு சொட்டு பிடித்து டாங்க்கில் உள்ள ஆயிலின் நிறத்தோடு ஒப்பிடுங்கள், ஒத்துப்போனால் டாங்க், ஹோஸ், பம்ப் இந்த மூன்றில் ஒன்று. கெட்டியாகக் கந்தக வாடை அடித்தால் அது செயின் கேஸ் (வண்டியை ஓட்டும் செயின் இருக்கும் பெட்டி) ஆயில், எஞ்சினைத் தொடவே வேண்டாம். கருப்பாகப் பிசுபிசுத்தால் எக்ஸாஸ்ட் இணைப்பில் வரும் எரியாத ஆயில், அது அசிங்கம்தானே தவிர ஆபத்து குறைவு.

அப்புறம் எல்லாவற்றையும் கழுவி, நன்றாகக் காயவிட்டு, சந்தேகப்படும் இடங்களில் டால்கம் பவுடர் தூவி, வண்டியை ஓட்டாமல் ஒரு இரவு விடுங்கள். காலையில் பவுடர் நனைந்திருந்தால் டாங்க் பக்கம் தேடுங்கள். ஓட்டிய பிறகுதான் நனைகிறது என்றால் கிராங்க் சீல், எக்ஸாஸ்ட், சில சமயம் பம்ப்பின் சீல்.

பழைய ஹோஸ்கள் வெயிலில் காய்ந்த குச்சி மாதிரி இறுகிப்போயிருக்கும், லேசாக வளைத்தாலே வெடிப்பு தெரியும். பம்பிலிருந்து சிலிண்டருக்குப் போகும் மெல்லிய ஹோஸ் கழன்றால் அந்த சிலிண்டர் ஆயில் இல்லாமல் சூடாகி பிஸ்டன் இறுகிப் பிடித்துவிடும் (சீஸ்). அதனால் இந்தப் பக்கம் கை வைத்தால், சரியாகிவிட்டது என்று உறுதியாகும் வரை பெட்ரோலிலும் ஆயிலை 50:1 கலந்து ஓட்டுங்கள், அதாவது லிட்டருக்கு 20 மில்லி.

வெளியே ஒரு சொட்டும் இல்லை, ஆனால் நிறுத்தி வைத்த வண்டியில் டாங்க் மட்டம் இறங்குகிறது, ஸ்டார்ட் செய்தால் புகை மண்டலம் என்றால் ஆயில் கிராங்க் கேஸுக்குள் (கிராங்க் தண்டு சுற்றும் பெட்டி) போகிறது. ஹோஸில் இருக்கும் செக் வால்வு (ஆயிலை ஒரே திசையில் மட்டும் விடுவது) பழுதாகியிருக்கலாம். ரோட்டரி வால்வு (சுழலும் தட்டு வால்வு) வைத்த பழைய ரோட்டாக்ஸ் எஞ்சின் என்றால் அந்த வால்வு ஷாஃப்ட்டின் சீலைச் சந்தேகப்படுங்கள். இந்த நிலையில் ஸ்டார்ட் செய்யும் கயிற்றை இழுக்காதீர்கள்! ஆயிலை அமுக்க முடியாது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். பிளக்குகளைக் கழற்றிவிட்டு, சுவிட்சை அணைத்து, முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு மெதுவாக இழுத்து ஆயிலை வெளியேற்றுங்கள்.

கிராங்க் சீல்தான் பெரிய தலைவலி. ஆயில் வெளியே வருகிற வழியில்தான் காற்றும் உள்ளே போகும், அப்போது கலவையில் பெட்ரோல் குறைந்து பிஸ்டன் சூடேறி உருகும். ஆக்சிலேட்டரை விட்டபிறகும் வேகம் இறங்க மறுக்கிறதா, கிளட்சைச் சுற்றி ஆயில் வட்டமாகத் தெறித்திருக்கிறதா, இரண்டும் இருந்தால் ஓட்டுவதை நிறுத்திவிட்டு அழுத்தச் சோதனை செய்யுங்கள். கார்புரேட்டர் வாய், எக்ஸாஸ்ட் வாய், பெட்ரோல் பம்புக்குப் போகும் பல்ஸ் ஹோஸ் எல்லாவற்றையும் அடைத்து, மீட்டர் உள்ள கைப் பம்பால் 6 அல்லது 7 பி.எஸ்.ஐ. காற்றழுத்தம் ஏற்றுங்கள். 10ஐத் தாண்டினால் நல்ல சீலும் பிதுங்கி வெளியே வரலாம். சில நிமிடங்கள் முள் அப்படியே நிற்க வேண்டும். இறங்கினால் சோப்புத் தண்ணீர் தெளியுங்கள், முதலில் நீங்கள் போட்ட அடைப்புகளில், அப்புறம் கிராங்க் கேஸின் இணைப்புக் கோட்டில், கடைசியாகக் கிளட்சையும் ஃப்ளைவீலையும் புல்லர் (இழுத்துக் கழற்றும் கருவி) போட்டுக் கழற்றி இரண்டு சீல்களிலும். குமிழி வருகிற இடம்தான் கசிவு.

ஹோஸ் மாற்றியிருந்தால் பம்ப்பில் உள்ள காற்றை வெளியேற்ற மறக்காதீர்கள், குழாயில் ஒரு குமிழிகூடத் தெரியாத வரைக்கும் அந்தக் கலந்த பெட்ரோலையே வைத்துக்கொள்ளுங்கள்.