பி.சி.ஆர். ரத்த மாதிரி: ஊசி குத்தும் இடத்திலேயே நடக்கும் தவறுகள்

மழை விட்டு ஒரு வாரம் போனால் கடலூரில் காய்ச்சல் வரிசை நீளும். டெங்கு, எலிக்காய்ச்சல், சிற்றுண்ணி கடித்து வரும் ஸ்க்ரப் டைஃபஸ் என்று சந்தேகம் வந்தால், ரத்தத்தில் கிருமியின் மரபணுப் பொருளைப் பெருக்கிக் கண்டுபிடிக்கும் பி.சி.ஆர். பரிசோதனையை டாக்டர்கள் எழுதுவார்கள். மாதிரி ஐஸ் பெட்டியில் புதுச்சேரிக்குப் போகும். ரிப்போர்ட் 'நெகட்டிவ்' என்று வந்தால் கிருமி இல்லை என்று நம்பிவிடுகிறோம். ரத்தம் எடுத்த விதமே கிருமியை மறைத்திருந்தால் அந்த ரிப்போர்ட் அதைச் சொல்லாது. இதுதான் எனக்குப் பெரிய கவலை.

முதல் தவறு குழாயில். கைக்கு வந்தது என்று பச்சை மூடிக் குழாயை எடுக்காதீர்கள். அதிலுள்ள, ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின், பி.சி.ஆரில் மரபணுப் பொருளை நகலெடுக்கும் நொதியை வேலை செய்யவிடாது. இ.டி.டி.ஏ. என்ற வேறொரு உறைவுத் தடுப்பு ரசாயனம் உள்ள ஊதா மூடிக் குழாய்தான் வேண்டும். பச்சையில் எடுத்ததை ஊதாவுக்கு மாற்றினாலும் ஹெப்பாரின் கூடவே வரும். எடுத்ததும் எட்டுப் பத்து முறை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்துங்கள். குலுக்க வேண்டாம்.

நான் அதிகம் பார்ப்பது அடுத்த தவறு. சிரிஞ்சில் எடுத்த ரத்தத்தை ஊசியோடு குழாய்க்குள் வேகமாகப் பீய்ச்சுவார்கள். சென்ட்ரிஃபியூஜில் சுற்றி எடுத்தால் மேலே வைக்கோல் நிறத்தில் நிற்க வேண்டிய பிளாஸ்மா (அணுக்கள் நீங்கிய ரத்தத் திரவம்), தர்பூசணிச் சாறு மாதிரி சிவந்திருக்கும். சிவப்பணுக்கள் உடைந்துவிட்டன என்று அர்த்தம். அவற்றிலிருந்து வெளியேறும் ஹீம் என்ற நிறப்பொருள், பி.சி.ஆர். நொதியைத் தடுத்துவிடும். ஊசியைக் கழற்றிவிட்டு, குழாயின் உட்சுவரோரமாக ரத்தத்தை வழியவிடுங்கள். ஸ்பிரிட் காய்வதற்குள் குத்துவதும், கையில் கட்டும் பட்டையை ஒரு நிமிடத்துக்கு மேல் இறுக்கி வைப்பதும் அணுக்களை உடைக்கும்.

முழு ரத்தத்தை ஃப்ரீசரில் வைக்கவே கூடாது. உறைந்து உருகும்போது அணுக்கள் வெடிக்கும். ஐஸ் கட்டியில் நேராகச் செருகினாலும் அதே கதிதான், நடுவில் துணியோ அட்டையோ வையுங்கள். 2 முதல் 8 டிகிரி போதும். டெங்கு வைரஸுக்கு இருப்பது ஆர்.என்.ஏ. என்ற மரபணுப் பொருள், அது சீக்கிரம் சிதையும். அதனால் பிளாஸ்மாவை அன்றைக்கே பிரித்துவிடுங்கள். பிரித்ததைச் சின்னச் சின்னப் பங்காக உறையவைத்தால் திரும்பத் திரும்ப உருக்க வேண்டியிருக்காது.

பெயரை மூடியில் எழுதாமல் குழாயின் மேலேயே, நோயாளி பக்கத்தில் இருக்கும்போதே எழுதுங்கள்.

அப்புறம் நாள் கணக்கு. டெங்குவின் ஆர்.என்.ஏ. ரத்தத்தில் நன்றாகக் கிடைப்பது முதல் ஐந்து நாள். எட்டாம் நாள் வந்தவருக்கு, கிருமிக்கு எதிராக உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளைத் தேடும் ஐ.ஜி.எம். பரிசோதனைதான் உதவும். எலிக்காய்ச்சலுக்கு முதல் வாரத்திலேயே, முடிந்தால் ஆன்டிபயாடிக் தொடங்கும் முன்பே எடுக்க வேண்டும். ஆனாலும் படிவத்தில் 'காய்ச்சல் தொடங்கிய தேதி' பல நேரம் காலியாகவே வருகிறது. கூட வந்த அம்மாவைக் கேளுங்கள். "தீபாவளிக்கு மறுநாள் ராத்திரி" என்பார். காலண்டரைப் பார்த்து அந்தத் தேதியை எழுதிவிட்டு அனுப்புங்கள்.